தேர்வு நெருங்கும்போது ரோம் மாற்றலாமா? இரண்டு குரூப் 4 தேர்வுகளில் நான் கற்றது

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை குரூப் 4 தேர்வு. அதற்குப் பதினோரு நாள் முன்னால், இரவு பத்தரை மணிக்கு, ரூட் செய்த (முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துகொண்ட) என் போனில் ஆண்ட்ராய்டு 11 ரோமை, அதாவது போனை இயக்கும் மென்பொருளை, எடுத்துவிட்டு ஆண்ட்ராய்டு 12 ரோமை ஏற்ற உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்பது என் கணக்கு. ரோம் ஒழுங்காகவே ஏறியது. ஜிஆப்ஸை (பிளே ஸ்டோர் போன்ற கூகுள் ஆப்களின் தொகுப்பை) அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று ரீபூட் கொடுத்துவிட்டேன். பிறகு ரெக்கவரிக்கு (ரோம் ஏற்றுவதற்கான தனித் திரைக்கு) திரும்பிப் போய் ஜிஆப்ஸை ஏற்றினால், கூகுள் சேவை நின்றுவிட்டது என்ற அறிவிப்பு மூடமூட வந்துகொண்டே இருந்தது. விடியும்வரை முயன்றுவிட்டு டேட்டாவை முழுதாக ஃபார்மேட் செய்தேன்.

நோட்ஸ் ஆப் ஒன்றில் ஏழு மாதமாக எழுதிய பொதுத்தமிழ்க் குறிப்புகள் அதோடு போயின. நூல், நூலாசிரியர், அடைமொழி, பிரித்தெழுதுக என்று வகைவகையாகப் பிரித்து வைத்திருந்தேன். குரூப் 4-இல் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து வருபவை. போனைச் சரிசெய்ய மூன்று நாள், நினைவில் இருந்ததைத் திரும்ப எழுத மூன்று நாள். திருப்புதலுக்கு என்று வைத்திருந்த வாரம் அப்படியே கரைந்தது.

புதுப் போன் வாங்க வசதியில்லாமல், பழைய போனில், போன் நிறுவனம் அல்லாத வெளியார் உருவாக்கிய கஸ்டம் ரோம் போட்டுப் படிக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2024-இல் அதே கேள்வி மறுபடி வந்தது. அப்போது என்னிடம் இருந்தது போக்கோ எஃப்1. 2018-இல் வந்த போன். நிறுவனத்தின் அப்டேட் ஆண்ட்ராய்டு 10-ஓடு முடிந்துவிட்டது. அதில் லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமின் 20-ஆம் பதிப்பு, அதாவது ஆண்ட்ராய்டு 13 ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் ஆண்ட்ராய்டு 14-ஐ அடிப்படையாகக் கொண்ட லினியேஜ் 21 வெளியானது. தேர்வு ஜூன் 9. கை பரபரத்தது உண்மை. இந்த முறை கணினியைத் திறக்காமல் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்த்தேன்.

முதலில் எழுதிய கேள்வி: மாற்றாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? புதிய பதிப்பின் வசதிகளில் படிப்புக்கு உதவுவது எதுவுமில்லை. கவலைப்பட வேண்டியது பாதுகாப்பு இணைப்பு (மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்) ஒன்றுதான். உங்கள் போனைப் பராமரிப்பவர் புதிய பதிப்புக்கு நகர்ந்துவிட்டால், பழைய பதிப்புக்கு வாராந்திர அப்டேட் வருவது நின்றுவிடும். இதை எத்தனை மாதம் தாங்கலாம் என்று யோசிக்க வேண்டும். ஓராண்டு என்றால் நான் சம்மதிக்க மாட்டேன். மூன்று, நான்கு மாதம் என்றால், பிரௌசரைத் தவறாமல் புதுப்பித்துக்கொண்டு, டெலிகிராம் குழுக்களில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆப் நிறுவும் கோப்புகளை) தொடாமல் இருந்தால் சமாளிக்கலாம் என்று முடிவு செய்தேன். இன்னொன்றையும் கவனியுங்கள். செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்பு இணைப்புத் தேதி இரண்டாகக் காட்டும். அதில் வெண்டர் என்று இருப்பது, போன் நிறுவனம் கடைசியாகக் கொடுத்த தேதியிலேயே நிற்கும். ரோமை மாற்றினாலும் மோடம் போன்றவற்றின் மூடிய மென்பொருள் புதிதாகிவிடாது. ஆகவே 'மாற்றினால் முழுப் பாதுகாப்பு' என்று யாராவது சொன்னால் அது பாதிதான் உண்மை.

இரண்டாவது கேள்விதான் என்னைக் கட்டிப்போட்டது: பிடிக்கவில்லை என்றால் திரும்பி வர முடியுமா? முடியாது. 20-இலிருந்து 21-க்கு டேட்டாவை அழிக்காமல் போகலாம். 21-இலிருந்து 20-க்கு வர ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும். டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியில் பேக்கப் எடுத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த பேக்கப்பில் உள் சேமிப்பகம் சேராது, அதாவது உங்கள் பிடிஎஃப், படங்கள், டவுன்லோடு எதுவும் இருக்காது. கணினிக்கு நகலெடுத்து, அங்கே திறந்து பார்த்த கோப்பை மட்டுமே நான் பேக்கப் என்று கணக்கில் வைக்கிறேன்.

ஆண்ட்ராய்டு 14-இல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்ட்ராய்டு 6-க்கு முந்தைய பதிப்புகளைக் குறிவைத்து எழுதப்பட்ட ஆப்களைப் புதிதாக நிறுவ அது விடாது. ஏற்கெனவே போனில் இருப்பவை இருக்கும். ஆனால் எங்காவது தவறி ஃபார்மேட் செய்ய நேர்ந்தால், பல வருடமாக நீங்கள் வைத்திருக்கும் பழைய அகராதி ஆப் திரும்ப ஏறாமல் போகலாம்.

ரூட் தனிக் கதை. ரூட் கொடுக்கும் மேஜிஸ்க் என்ற கருவி உட்கார்ந்திருப்பது, போன் தொடங்கும்போது ஓடும் பூட் பகுதியில். புதிய ரோம் அந்தப் பகுதியின் மேலேயே எழுதும். எனவே மேம்படுத்தினால் ரூட் போய்விடும், புதிய பூட் இமேஜை எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய மாட்யூல்களை (மேஜிஸ்க்கோடு சேர்த்த துணை நிரல்களை) அணைக்காமல் ரூட்டைத் திரும்ப ஏற்றினால் பூட்லூப், அதாவது போன் திறக்காமல் திரும்பத் திரும்பத் தொடங்கும் கோளாறு, வர வாய்ப்புண்டு. ரூட் செய்த போனில் ஓட மறுக்கும் வங்கி, யூபிஐ ஆப்களை எப்படியோ ஓடவைத்திருப்பீர்கள். புதிய ரோமில் அவை முதலிலிருந்து முரண்டு பிடிக்கலாம். ஏதாவது தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் இதை இழுத்துப்போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆக, ஜூன் 9 வரை தொடுவதில்லை என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தேர்வு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து தேர்வு முடியும்வரை பெரிய மேம்படுத்தல் கிடையாது என்பதுதான் இப்போதும் என் கணக்கு. தேர்வுக்கு ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறது, பழைய பதிப்புக்கு அப்டேட் நின்றுவிட்டது, கணினியும் நல்ல கேபிளும் கையில் இருக்கின்றன என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரே போன்தான், ஓடிபி வருவதும் அதில்தான் என்றால், இரண்டு நாள் கடன் வாங்க ஒரு பட்டன் போனாவது வீட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தேர்வு முடிந்த வாரம் வேலையில் இறங்கினேன். முந்தின நாளே இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடுகளையும் வாட்ஸ்அப் பேக்கப்பையும் குறிப்புகளையும் கணினிக்கு எடுத்தேன். பழைய ரோமின் கோப்பையும் பத்திரப்படுத்தினேன். தளத்தில் பழைய பதிப்புகள் நெடுநாள் இருப்பதில்லை. மாட்யூல்களை எல்லாம் அணைத்தேன். பிறகு ரெக்கவரியில் சைடுலோட், அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியாக ரோமை ஏற்றுவது. கணினித் திரையில் 47 சதவீதத்தில் நின்றபோது நெஞ்சு படபடத்தது. அது வழக்கம்தான், போன் திரையில் பிழை எதுவும் காட்டவில்லை என்றால் ஏறிவிட்டது என்றே பொருள். உடனே, ரீபூட் செய்யாமலே, ஆண்ட்ராய்டு 14-க்கான ஜிஆப்ஸையும் ஏற்றினேன். 2022-இல் தவறவிட்டது இந்த ஒரு படியைத்தான். முதல் பூட்டுக்கு முன்பே அது உள்ளே போயிருக்க வேண்டும்.

குறிப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. யூபிஐ ஆப் ஒன்று மட்டும் மறுபடி பதிவு கேட்டது.

ரூட்டை உடனே ஏற்றவில்லை. ஒரு வாரம் இல்லாமலே ஓட்டிப் பார்த்தேன். பேக்கப் ஆப்புக்கு மட்டும்தான் அது தேவைப்பட்டது. எட்டாம் நாள் மேஜிஸ்க்கை ஏற்றினேன், மாட்யூல் ஒன்றுகூட இல்லாமல். அடுத்து செப்டம்பர் 14 அன்று குரூப் 2 முதல்நிலைத் தேர்வு. ஆகஸ்ட் பாதிக்குப் பிறகு வாராந்திர அப்டேட்டைக்கூட நிறுத்தி வைத்தேன். தேர்வு எழுதிவிட்டு வந்த மறுநாள், நடுவில் வந்தவற்றை விட்டுவிட்டுக் கடைசியாக வந்ததை நேராக ஏற்றினேன்.