விதைக்காமல் முளைத்தவை: புசல்லாவைத் தோட்டக் குறிப்புகள்

ஏப்ரல் 20

சித்திரை மழை ஓய்ந்ததும் இலங்கை மலைநாட்டின் புசல்லாவையிலுள்ள எங்கள் தோட்டத்துப் போஞ்சிப் பாத்தியின் ஓரமெங்கும் நாங்கள் விதைக்காத நாற்றுகள் எழுந்திருக்கின்றன. சில மாட்டெருவோடு வந்தவை. சில கொண்டைக்குருவியின் எச்சத்தோடு விழுந்தவை. நான்கைந்து இலைகள் விரிந்து, இயன்றால் பூவும் கண்ட பிறகே எதைப் பிடுங்குவது என்று முடிவெடுக்க எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு செடிக்கும் அப்பாயி ஒரு கதை வைத்திருப்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏப்ரல் 28

லயத்துச் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) சுவரோரம் முளைத்தது குப்பைமேனிதான். ஓரம் பல்போல வெட்டுண்ட இலைகள்; ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழாதபடி நீண்டும் குறுகியும் அமைந்த காம்புகள்; கணுக்களில் மேலெழும் மெல்லிய கதிர்; அக்கதிரில் சிறு கிண்ணம்போன்ற பச்சைப் பூவடிச்செதில்கள். களையென்று கை வைத்தபோது அப்பாயி தடுத்தார்: "அதப் புடுங்காத ராசா, பூனை கும்பிடுற செடி." அதன் வேரைப் பூனை கண்டால் மயங்கிப் புரளும் என்பது ஊர்க்கதை. இதில் மிகையில்லை, வேரைத் தோண்டி வெளியே போட்டால் பூனைகள் அதைத் தேடி வந்து மெல்வதும் அதன்மேல் உருள்வதும் உண்மையிலேயே நிகழ்வன. பூனைவணங்கி என்ற பெயரும் இதற்கு உண்டு. இலையை மஞ்சளுடன் அரைத்துச் சொறிசிரங்குக்குப் பூசும் வழக்கம் தோட்டங்களில் இன்றும் இருக்கிறது.

மே 7

கீழாநெல்லி என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பாத்தியில் அருகருகே முளைத்த இரண்டைப் பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம். ஒன்றின் தண்டு பச்சை. இலைகளுக்குக் கீழே சிறு காம்பில் வழுவழுப்பான காய்கள் வரிசையாகத் தொங்குகின்றன. மற்றதன் தண்டு செம்மை படர்ந்தது. காய்கள் காம்பின்றிக் கிளையோடு ஒட்டியிருப்பதுடன் தொட்டால் சொரசொரப்பாக உள்ளன. மஞ்சட்காமாலைக்கு அரைத்து மோரில் கலந்து கொடுப்பது பச்சைத் தண்டுள்ளதையே என்று அப்பாயி உறுதியாகச் சொல்கிறார். காமாலை எக்காரணத்தால் வந்தது என்பதை மருத்துவப் பரிசோதனையால் மட்டுமே அறிய முடியும். ஆகவே மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிவைக்க இச்செடியைக் காரணமாக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். எனினும், காயைப் புரட்டிப் பார்த்தே செடியைத் தீர்மானிக்க வேண்டுமென்ற அவருடைய பழக்கத்தைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

மே 10

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தொட்டாற்சுருங்கி. அடையாளம் காண விரல் ஒன்று போதும். இலைக்காம்பின் அடியிலுள்ள சிறு புடைப்பிலிருந்து நீர் வெளியேறுவதால் இலை மடிகிறது. முள் இருப்பதால் பிள்ளைகள் நடக்கும் வழியிலிருந்து அகற்றினோம்.

மே 23

இன்று மிகுந்த கவனம் தேவைப்பட்டது. எருக்குழியருகே வளர்ந்த இரண்டையும் மணத்தக்காளி என்றே அண்டை வீட்டார் கருதியிருந்தார்கள். ஒன்றில் மஞ்சள் நடுவுடன் வெள்ளைப் பூக்கள் சிறு கொத்தாகக் கவிழ்ந்திருந்தன. பட்டாணியளவு காய்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. அது மணத்தக்காளியேதான், அதிலும் பச்சைக்காயைப் பச்சையாக உண்ணலாகாது. மற்றதில் பெரிய புனல்வடிவப் பூ ஒன்று நிமிர்ந்து நின்றது. கசக்கிய இலையின் வாடை குமட்டியது. அது ஊமத்தை. பித்தன் என்று பாடப்பட்ட சிவனுக்கு இப்பூவைச் சூட்டுவதும், இதைத் தின்றவருக்குப் பித்துப் பிடிக்கும் என்பதும் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள். அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகிய நஞ்சுகள் செடி முழுவதும் இருப்பதால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, நினைவு தடுமாறி, உயிரே போகவும் கூடும். பூக்குமுன் கீரையோடு சேர்த்துக் கிள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. முள்காய் முற்றி வெடித்து விதை சிதறுவதற்கு முன்பே வேரோடு எடுத்துவிட்டோம்.

ஜூன் 5

கல்வரிசையில் ரணகள்ளி பரவியிருக்கிறது. இலையைப் புத்தகத்துள் வைத்தால் குட்டி போடும் என்று பிள்ளைகள் சொல்வது சரியே. இலையோர வெட்டுகளிலிருந்து நாற்றுகள் கிளம்புகின்றன. இது மடகாஸ்கரிலிருந்து வந்தது. கொழுந்து பறிப்பவர்கள் கத்திக்காயத்துக்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டும் தொட்டாற்சுருங்கியும் அமெரிக்கக் கண்டத்தவை. வேலியோர உண்ணிச்செடியும் அவ்வாறே. அது 1826இல் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் வழியாக இத்தீவுக்குள் நுழைந்தது. தமிழகத்திலிருந்து இம்மலைகளுக்கு வந்த நம் முன்னோர் தம்மோடு கொண்டுவந்த வைத்தியத்தையும் நம்பிக்கைகளையும் இத்தகைய அயற்செடிகளின்மீதும் ஏற்றிவைத்து, தலைமுறைகளுக்குள் அவற்றை நம்முடையவை ஆக்கிவிட்டார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆயினும் உண்ணிச்செடியை மட்டும் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. மாடு தின்றால் ஈரல் கெடும். குருவிகள் பழத்தைத் தின்று விதையைத் தேயிலை மலைவரை பரப்பும். ஆகவே அடுத்த மழைக்குமுன் வேலியை வெட்டித் துப்புரவாக்கப் போகிறோம்.