“உங்க பாட்டைப் போட்டுக் காட்டுங்க”

மாடுலர் சிந்தசைசர் வாங்க வந்த ஒரு பெண்ணுக்கு நான் சொன்ன ஆலோசனையில் இது தவறு என்று எதையும் இன்றுவரை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. தனித்தனிப் பகுதிகளைக் கேபிளால் இணைத்து மின்னொலி உருவாக்கும் அந்த வாத்தியம் அவருடைய இசைக்கு ஒத்துவராது என்றேன். விற்பதே என் வேலையாக இருந்தும் விற்காமல் அனுப்பினேன். அன்று மாலை அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. ஆனாலும் அந்த அரைமணி நேரத்தை மனத்துக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. புதிதாக இசையமைக்கத் தொடங்கியவர் யார் வந்து எந்த வாத்தியத்தைக் கேட்டாலும், முதலில் “உங்க பாட்டைப் போட்டுக் காட்டுங்க” என்பேன். வாங்க வந்தவரின் ஆசையைவிட அவருடைய பாட்டு நம்பகமான சாட்சி என்பது என் கணக்கு. அந்தப் பெண் கைப்பேசியில் போட்டுக் காட்டினார். குரலுக்கு அடியில் நான்கு கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள், சுற்றிச் சுற்றி வருகிற ஒரு சிறிய பாட்டு. அது முடிவதற்கு முன்பே பதில் எனக்குத் தயாராகிவிட்டது.

காரணங்கள் வலுவானவை. மாடுலரில் ஒலியைப் பிறப்பிக்கும் பகுதியான ஆசிலேட்டர் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தைத்தான் தரும் என்பது பொதுவான நிலை. மூன்று ஸ்வரம் சேர்ந்த கார்டுக்கு மூன்று ஆசிலேட்டர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சுருதியைச் சொல்லும் மின்னழுத்தம் தனித்தனியே வேண்டும். மூன்றும் அதனதன் போக்கில் எழுந்து அடங்க வேண்டுமென்றால் ஒலியளவை ஆளும் வி.சி.ஏ. மூன்றும், அது எழுந்து அடங்கும் விதத்தை வகுக்கும் என்வலப் மூன்றும் வேண்டும். யூரோராக் என்ற மாடுலர் அளவுமுறையில் 84 எச்.பி. (அகலத்துக்கான அலகு) கொண்ட ஒரு வரிசை 43 சென்டிமீட்டரைக்கூட எட்டாது. நான்கு கார்டுகளை ஒலிக்கவைப்பதிலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். இவ்வளவுக்குப் பிறகும் உருவான ஒலியைச் சேமித்துவைக்க வழியில்லை. இன்று பல்லவிக்குக் கிடைத்த ஒலி அடுத்த வாரம் சரணத்துக்கும் வேண்டுமென்றால், எந்தக் கேபிள் எங்கிருந்து எங்கே போனது, எந்தக் குமிழ் எந்தக் கோணத்தில் நின்றது என்று படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். எடுத்து வைத்திருந்தாலும் குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நின்றால் ஒலி வேறாகிவிடும். அனலாக் ஆசிலேட்டர் சூடேறும்வரை சுருதி நிலைத்து நிற்காது. ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது பகுதிக்கும், மின்சாரம் கொண்டுவரும் பின்பக்கத்து ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு மைனஸ் 12 வோல்ட் பக்கம் வர வேண்டும் என்பதை மறந்து திருப்பிச் செருகினால் மாட்யூலே கருகிப்போகக்கூடும். இவை அனைத்தையும் ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன்.

அமெரிக்க இசைக்கலைஞர் வெண்டி கார்லோஸின் கதையையும் சொன்னேன். பாக்கின் இசையை மூக் என்ற மாடுலர் சிந்தசைசரில் வாசித்து 1968இல் வெளியான அவருடைய இசைத்தட்டு, அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும் என்பதால், ஒவ்வொரு வரியாக வாசித்துப் பல தட நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கப்பட்டது. எவ்வளவு பாடு பார்த்தீர்களா என்ற பொருளில்தான் இதை எப்போதும் சொல்வேன். “அப்போ முடியும்தானே சார்?” என்று அந்தப் பெண் கேட்டார். நான் சிரித்தேன். அது பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். காட்டுவதற்காக மாட்யூல்கள் பொருத்தி வைத்திருக்கும் கேஸில், மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தம் தரும் எல்.எஃப்.ஓ.விலிருந்து ஒலியைச் சலிக்கும் ஃபில்டருக்குப் போகும் ஒரு கேபிளைச் செருகி, ஒலி மங்குவதையும் தெளிவதையும் காட்டியிருந்தேன். நான் வேறொருவரிடம் பேசத் திரும்பியபோது, அந்தப் பெண் அந்தக் கேபிளின் முனையை உருவி ஆசிலேட்டரின் சுருதித் துளையில் செருகியிருக்கிறார். சைரன்போல அலறியது. பதறிக் கையை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ அருகிலிருந்த, மின்னழுத்தத்தைக் குறைக்கும் குமிழைக் கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வந்தார். அலறல் ஊசலாட்டமாகி, ஊசலாட்டம் நடுக்கமாகி, கடைசியில் ஸ்வரம் இருந்த இடத்திலேயே இலேசாக அசைந்தது. ஓர் ஆக்டேவுக்கு, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை, ஒரு வோல்ட் என்பது அந்த ஆசிலேட்டரின் கணக்கு; அதன்படி பன்னிரண்டில் ஒரு பங்கான அரை ஸ்வரம் என்பது ஏறத்தாழ 83 மில்லிவோல்ட். அவர் விரல் தேடிக்கொண்டிருந்தது அதைவிடவும் சிறிய ஒன்றை. தலையைச் சாய்த்து, குமிழிலிருந்து விரலை எடுக்காமல் வெகுநேரம் நின்றார். அவ்வளவு நேரமும் இன்னொருவர் காத்திருப்பதை எண்ணி நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவாக, கணினியில் இலவசமாகக் கிடைக்கும் வி.சி.வி. ராக் என்ற மாடுலர் மென்பொருளை நிறுவி இரண்டு மாதம் பழகுங்கள், அதன் பிறகும் ஆசை இருந்தால் வாருங்கள் என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2017இல் வெளிவந்தது முதல் எத்தனையோ பேர் அதில்தான் இந்தத் தர்க்கத்தைக் கற்றிருக்கிறார்கள்; அதில் ஒரே கேபிளில் 16 ஸ்வரம்வரை ஒரே நேரத்தில் அனுப்பலாம், செய்ததைச் சேமித்தும் வைக்கலாம். அவர் தலையாட்டினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, “அந்தப் பாட்டு எனக்கே பிடிக்கலை சார். அதனாலதான் வந்தேன்” என்றார்.

“பரவாயில்லைம்மா, போகப்போகச் சரியாயிடும்” என்றேன்.

இந்தப் பதிலைத்தான் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. பாட்டு நன்றாக இல்லையே என்று வருந்துகிறவருக்குச் சொல்லும் ஆறுதல் அது. அவர் ஆறுதல் கேட்கவில்லை. தனக்குப் பிடிக்காத ஒரு பாட்டிலிருந்து வெளியே வர வழி தேடி வந்தவரிடம், அந்தப் பாட்டையே அளவுகோலாக வைத்து, இந்த வாத்தியம் இதற்குப் பொருந்தாது என்று அரைமணி நேரம் நிரூபித்திருக்கிறேன். பொருந்தாது என்பதற்காகவே அவர் அதைத் தேடியிருக்கலாம். 1960களில் சிந்தசைசர் வடிவமைப்பாளர் டான் புக்லா தன் கருவியில் பியானோக் கட்டைகளை வேண்டுமென்றே தவிர்த்தார், அவை இருந்தால் கை பழைய இசைக்கே போய்விடும் என்பதற்காக. இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

அதே சமயம், நான் ஏன் இவ்வளவு குற்ற உணர்வு கொள்ள வேண்டும் என்றும் தோன்றுகிறது. அவர் அந்த வாக்கியத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் மூன்று ஆசிலேட்டர் கணக்கு மாறப்போவதில்லை. சில மாதம் கழித்து, இந்த உறுத்தலினாலேயே, பாட்டு எதையும் கேட்காமல் ஓர் இளைஞரிடம் “தாராளமா எடுங்க” என்றேன். அரை வருடத்தில் கேஸோடு திரும்பி வந்தார். பாதிக் கேபிள்கள் கட்டுக்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. என் பழைய முறையே சரி என்று அன்று ஒரு நாள் முழுவதும் நிம்மதியாக இருந்தேன்.

நடுவழி ஒன்று இருந்தது. கேபிளே செருகாவிட்டாலும் உள்ளிணைப்பினால் ஒலிக்கும், செருகினால் அந்த இணைப்பு மாறும் செமி மாடுலர் கருவிகள். 1971இல் வந்த ஏ.ஆர்.பி. 2600 அப்படிப்பட்டதுதான். அந்தப் பெண் செய்த அந்தச் சிறிய காரியத்தை அதில் முதல் நாளிலேயே செய்துபார்த்திருக்கலாம். அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. விளக்கிச் சொல்ல இன்னும் அரைமணி நேரமாகும் என்பதும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மாதம் எப்போதோ கடந்துவிட்டது, அவர் வரவில்லை. கணினியிலேயே நிறைவு கண்டிருக்கலாம், வேறெங்காவது வாங்கியிருக்கலாம். மறுநாள் காலை அந்த மெல்லிய அசைவை நானும் வரவழைக்க முயன்றேன். முந்தின இரவு வழக்கப்படி எல்லாக் கேபிள்களையும் உருவிவைத்திருந்தேன். குமிழ் எங்கே நின்றது என்பதைப் பார்த்து வைக்கவில்லை.

இப்போதும் முதலில் பாட்டைத்தான் போட்டுக் காட்டச் சொல்கிறேன். அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டு முடித்ததும், “இது உங்களுக்குப் பிடிச்சிருக்கா?” என்று ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் சற்றும் யோசிக்காமல், “ரொம்பப் பிடிச்சிருக்கு சார்” என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல், கேஸின் சுவிட்சைப் போட்டேன்.