எந்தக் கட்டம் யார் கண்ணில் படலாம்

எங்கள் கம்பெனி விற்பது ஒரு டேட்டாபேஸ் தளம். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் கட்டங்களை இழுத்துப் போட்டுத் தன் தொழிலுக்கு வேண்டிய பதிவேட்டை உண்டாக்கிக்கொள்ளலாம். லோ-கோடு என்பது இந்த வகைக்குப் பெயர். சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள சின்னத் தொழில்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.

எதிரே நிற்பவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சோஹோ கிரியேட்டர் 2006-லிருந்து சந்தையில் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ், அவர்களுடைய ஆபீஸ் மென்பொருளை வாங்கிய இடத்திலெல்லாம் அதன் பின்னாலேயே உள்ளே நுழைகிறது. இதே வகையைச் சேர்ந்த ஆப்ஷீட்டை 2020-இல் கூகுள் வாங்கிவிட்டது. கூகுள் ஷீட்டில் கணக்கு வைத்திருப்பவருக்கு அது பக்கத்து வீடு மாதிரி. சரி, 'நாங்க உள்ளூர்க்காரங்க' என்று பேசிப் பார்க்கலாமா என்றால் அதுவும் எடுபடாது. சோஹோவும் தமிழ்நாட்டுக் கம்பெனிதான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். விலை குறைவு என்பதையும் நம்பி உட்கார முடியாது. பெரியவர்கள் நினைத்தால் நாளைக்கே எங்களைவிடக் குறைப்பார்கள்.

கொலுசுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுப் பட்டறைக்குக் கொடுக்கிறார். சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பட்டறைதான். வெள்ளி அங்கே கம்பியாகி, கண்ணியாகி, பற்றவைத்து, மெருகேறிப் பல கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, நடுவில் சேதாரம். பக்கத்திலேயே டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு. கூலி டிசைனுக்கு டிசைன் மாறும். வெள்ளி விலை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு, கூலி வேலைக்கு அனுப்பும் சரக்குக்குச் சலான் போட வேண்டும். ஒரு வருடத்துக்குள் அது திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். பில்லையும் வரியையும் டேலி என்ற கணக்கு மென்பொருள் பார்த்துக்கொள்ளும். எந்தப் பட்டறையில் இன்று எத்தனை கிராம் நிற்கிறது என்பதோ, பெரும்பாலும் முதலாளியின் மேஜை இழுப்பறையில் இருக்கும் நீள நோட்டில்தான்.

இந்த நோட்டைப் பார்த்துப் பார்த்தே ஒரு செயலியை மதியச் சாப்பாட்டுக்குள் செய்து காட்டிவிடலாம். காட்டவும் செய்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். "நல்லாருக்கு தம்பி, சொல்லி அனுப்புறேன்" என்றார்கள். வியாபாரி சொல்லி அனுப்புகிறேன் என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வியாபாரிதான் விஷயத்தை உடைத்தார். டெமோ பாதியில் கணக்குப்பிள்ளையை டீ சொல்ல அனுப்பினார். அவர் படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகு, திரையில் டச் என்றிருந்த பத்தியின் மேல் விரலை வைத்தார்.

"இது பட்டறைல இருக்கறவனுக்குத் தெரியுமா?"

"நீங்க வேண்டாம்னா தெரியாதுங்க."

"மச்சானுக்கு?"

"அவருக்கும் அப்படித்தாங்க."

"பையனுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே கொஞ்ச நேரம் யோசித்தார். "பையனுக்குத் தெரியட்டும். லாபம் மட்டும் வேண்டாம். அவங்கம்மாகிட்ட சொல்லிடுவான்."

அன்றைக்கே முன்பணம் கொடுத்தார்.

நீள நோட்டுக்கு இருக்கும் பெரிய வசதி அது இழுப்பறைக்குள் கிடப்பதுதான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்று என்று சொல்லும்போது முதலாளியின் காதில் விழுவது 'எல்லோருக்கும் திறந்து காட்டு' என்பது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நெட்வொர்க் இல்லை, ஆளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, சீசன் முடியட்டும் என்று வேறு காரணங்கள் வரும். யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் வசதி எங்களிடம் மட்டும் இல்லை. பெரியவர்களிடம் எங்களைவிட நுணுக்கமாகவே இருக்கிறது. ஆனால் அவர்கள் அதை ஐடி டிபார்ட்மென்டின் தலையில் கட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பாதுகாப்பு என்ற தலைப்பில் நாலு வரி எழுதிவிடுவார்கள். கொலுசு வியாபாரிக்கு ஏது ஐடி டிபார்ட்மென்ட்? குடும்பம்தான் இருக்கிறது.

அதனால் டெமோவின் வரிசையையே மாற்றினோம். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாள். இடது பக்கம் முதலாளி, தம்பி, கணக்குப்பிள்ளை, பட்டறைக்காரர், ஆடிட்டர் என்று ஆட்கள். மேலே எடை, டச், கூலி, விலை, லாபம் என்று கட்டங்கள். பேனாவை அவர் கையில் கொடுத்துவிடுவோம். அவர் டிக் அடித்ததை அப்படியே தளத்தில் ஏற்றி, கணக்குப்பிள்ளையின் பெயரில் உள்ளே போனால் என்ன தெரிகிறது, பட்டறைக்காரர் பெயரில் போனால் என்ன தெரிகிறது என்று காட்டுவோம். சாயங்காலம் வரும் வரைபடங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் அதற்கப்புறம்தான். அந்தத் தாளை நிரப்பும்போது நடக்கும் பேச்சை நீங்கள் கேட்க வேண்டும். அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் கடையில், ஆளுக்கொரு தாள் தனித்தனியாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆடிட்டர் வரிசையை முழுக்கக் காலியாக விட்டவர்களும் உண்டு. கணக்கையே இரண்டாக வைக்க வழி கேட்பார்கள். அதை நாங்கள் செய்வதில்லை. அவர்கள் நோட்டோடு நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஆத்தூர் பக்கம் சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலைகளில் கதை வேறு. அங்கே மரவள்ளிக் கிழங்குக்கு விலை, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்பதை வைத்து. லோடு வந்து நின்றதும் பாயிண்ட் பார்த்து எழுதுகிறார்கள். ஒரு பாயிண்ட் கூடினாலும் குறைந்தாலும் டன்னுக்கு டன் பணம் மாறும். எனவே அங்கே கேள்வி யார் பார்க்கலாம் என்பது இல்லை, எழுதியதை யார் திருத்தினார் என்பது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தப் பதிவு கட்டாயம், அதை அணைக்கவும் கூடாது என்று சட்டம் வந்தபோது இந்தப் பேச்சு எங்களுக்குத் தானாக எளிதானது. அது கம்பெனிச் சட்டத்தில் வருவது, பார்ட்னர்ஷிப் ஆலையைக் கட்டுப்படுத்தாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். "அப்ப அதை ஆஃப் பண்ணிடுங்க" என்றார் ஒரு பார்ட்னர். இன்னொருவர் வாசல்வரை கூடவே வந்து, "ஆஃப் பண்ணாதீங்க" என்றார்.

ஏற்காட்டில் எங்கள் பருப்பு அவ்வளவாக வேகவில்லை. எஸ்டேட்டுக்குள் போனால் சிக்னல் இருக்காது. காப்பிப் பழம் பறித்த கிலோவை அங்கேயே ஏற்றியாக வேண்டும், மேலே வந்ததும் அது தானாக இணைய வேண்டும். இதை ஆப்ஷீட் நன்றாகவே செய்கிறது. அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிட்டு இருபது கொண்டையூசி வளைவையும் இறங்கி வந்திருக்கிறேன்.

சின்னக் கம்பெனிக்கென்றே ஒரு கேள்வி உண்டு. மைக்ரோசாஃப்டை யாரும் கேட்காத கேள்வி: "நாளைக்கு நீங்க கடையை மூடிட்டா?" மூட மாட்டோம் என்று சத்தியம் செய்வதில் பிரயோஜனமில்லை. ஞாயிறுதோறும் அவருடைய மொத்தத் தரவும் எக்செல் கோப்பாக அவர் மெயிலுக்குப் போகும்படி வைத்துவிட்டோம். டெமோவின்போதே ஒன்றை அனுப்பி, அவர் போனில் திறந்து பார்க்கச் சொல்வோம். அதைத் திறந்து பார்த்த பிறகு விலையில் பேரம் பேசுகிறவர்கள்தான் வாங்குகிறவர்கள்.

இப்போது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. பட்டறைக்காரருக்கு அன்றன்றைய நிலுவை எடையும் சேரவேண்டிய கூலியும் தமிழில் குறுஞ்செய்தியாகப் போகும்படி செய்திருக்கிறோம். பாதி வியாபாரிகளுக்கு இது பிடித்திருக்கிறது. மாதக் கடைசியில் சண்டை இல்லை என்கிறார்கள். மீதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். டெமோவில் முதலிலேயே காட்டலாம் என்பது என் கட்சி, வியாபாரம் கெட்டுவிடும் என்பது மேனேஜர் கட்சி. இப்போதைக்குக் கேட்டால் மட்டும் காட்டுகிறோம். சமீபத்தில் பனங்காட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரரே ஆபீசுக்கு வந்தார். வியாபாரி போடாவிட்டால் தானே மாசாமாசம் காசு கட்டி வைத்துக்கொள்ளலாமா, நாலு வியாபாரிகளின் வெள்ளியையும் தன் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எங்கள் விலைப்பட்டியலில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.