ராத்திரி சப்பாத்திக்கு மாறினால் சுகர் குறைந்துவிடுமா?

எங்கள் கடலூர்ப் பக்கம் டாக்டர் "உங்களுக்கு சுகர்" என்று சொன்ன அன்றைக்கே வீட்டில் இரண்டு காரியம் நடக்கும். காபியில் சர்க்கரை நிற்கும், ராத்திரிக்குச் சப்பாத்தி வரும். மத்தியானத் தட்டில் சோற்று மலை அப்படியே இருக்கும், அதன்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற வண்டிகளைப் பார்த்தே வளர்ந்ததாலோ என்னவோ, நமக்கு வில்லன் என்றால் வெள்ளைச் சர்க்கரை ஒன்றுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நாடு முழுக்கச் சுகரைப் பற்றி நடத்துகிற ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வில் 2025இல் வெளிவந்த முடிவைப் படித்தால் சப்பாத்தி கோஷ்டிக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். நம் நாட்டில் ஒருவர் சாப்பிடும் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்துதான். அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வந்து, மொத்த மாவுச்சத்து குறையாமல் இருந்தால் சுகர் வரும் அபாயமும் குறைவதாகத் தெரியவில்லையாம். மாவுச்சத்தைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் வந்தால்தான் பலன். இதே ஆய்வுக்குழு 2023இல் வெளியிட்ட கணக்கில் சுகர் இருக்கிற பெரியவர்கள் நாட்டில் சராசரியாக 11.4 சதவீதம், பக்கத்தில் இருக்கிற புதுச்சேரியில் 26.3. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல்!

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் சோறு, இட்லி, பரோட்டா, கேழ்வரகுக் கூழ் எல்லாமே கடைசியில் குளுக்கோஸ்தான். இன்சுலின் வந்து அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் தள்ளிவிடும், அங்கே சேமிக்க இடம் கொஞ்சம்தான், நிரம்பிவிட்டால் மிச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்ற ஆரம்பிக்கும். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதிக் கொடுப்பதும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறி, நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல் இறங்குவதும் பெரும்பாலும் இந்த வழியில்தான். கொழுப்பு ஏறிய கல்லீரல் அப்புறம் இன்சுலின் பேச்சைக் கேட்காது. ராத்திரி முழுக்கத் தன்பாட்டுக்குக் குளுக்கோஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை, காலைல எப்படி 140?" என்று புலம்புகிறவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதில் இருக்கிறது.

இதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் ரிப்போர்ட் நன்றாகவே இருக்கும். கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சுரந்து வருஷக்கணக்கில் சமாளிக்கும், கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குகிற மாதிரி. அதனால் வெறும் வயிற்றில் 96 என்று சந்தோஷப்படுகிறவர்களிடம் நான் கேட்பது, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, இடுப்புச் சுற்றளவு எவ்வளவு என்றுதான். நம் ஊர் உடம்புக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. என்பது எல்லை. அதோடு ட்ரைகிளிசரைடு 150, ரத்த அழுத்தம் 130/85, ஃபாஸ்டிங் (வெறும் வயிற்றுச் சுகர்) 100, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ ஒரு புள்ளி, ஹெச்டிஎல் ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே இருந்தாலும் ஒரு புள்ளி. ஐந்தில் மூன்று சேர்ந்துவிட்டால் வளர்சிதை மாற்றமே தடம் மாறிவிட்டது என்று அர்த்தம். ஒல்லியான ஆளும் தப்ப முடியாது. குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் மட்டும் தொப்பை, இப்படிப்பட்டவர்களுக்குக் கொழுப்பு உறுப்புகளைச் சுற்றித்தான் சேரும். புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் இதைப் பற்றி எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் பாதிச் சண்டை தீரும். அப்பா ஒருநாள் பண்ருட்டிப் பலாவை உரித்த கையோடு விரலைக் குத்தி, முந்நூற்றுச் சொச்சம் காட்டவும் ஆடிப்போய்விட்டார். "என்னங்க, கையைக் கழுவிட்டு வந்து குத்துங்க" என்றார் அம்மா. கழுவிவிட்டுக் குத்தியதில் 170. (விரல் நுனியில் குத்தாதீர்கள், பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.) அந்த மெஷினை வைத்துத்தான் நாலு இட்லியும் காரச் சட்னியும் அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது, முதலில் ஒரு கிண்ணம் சுண்டலும் பிறகு கெட்டிச் சாம்பாரோடு இரண்டு இட்லியும் சாப்பிட்டால் எங்கே நிற்கிறது என்று அவருக்கே புரிந்தது. இட்லியை நான் திட்டவில்லை. காய், பருப்பு, மீன் முதலில் போய், சோறு கடைசியில் போனால் ஏற்றம் மெதுவாகிறது, அவ்வளவுதான்.

காலையில் சில்வர் பீச்சில் வேர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு, வருகிற வழியில் நெய் மிதக்கிற பொங்கலும் வடையும் சாப்பிடுகிற கூட்டத்தை என்ன சொல்வது! நடப்பது எப்போதுமே நல்லதுதான், ஆனால் சுகருக்கு என்று பார்த்தால் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடப்பதில் கூடுதல் லாபம். அசைகிற தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் குளுக்கோஸை நேராக இழுத்துக்கொள்ளும்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், குறிப்பாக கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு மாதிரி மருந்து சாப்பிடுபவர்கள், இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். மருந்து பழைய அளவிலேயே இருந்தால் சுகர் சரசரவென்று இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, மயக்கம்வரை போகும். டாக்டரிடம் சொல்லி மாத்திரையைச் சரிசெய்துகொண்டு அப்புறம் தட்டைக் குறையுங்கள். எங்கள் அப்பாவுக்கும் அந்த வரிசையில்தான் நடந்தது.