கிராஜுவிட்டியை விட்டுவிடாதீர்கள்
பெங்களூரில் எங்கள் ஸ்ரீராமபுரத்து அக்கா ஒருவர் பீன்யா கார்மெண்ட்ஸில் எட்டு வருஷம் மிஷின் மிதித்துவிட்டு, இரண்டு மாதம் முன்னால் வேலையை விட்டார். பி.எஃப். ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டி பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷம் முடித்தால் அது சட்டப்படி உரிமை. கடைசி மாத பேசிக்கையும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வையும் (அகவிலைப்படி) கூட்டி 26ஆல் வகுங்கள். 15ஆல், அப்புறம் வருஷத்தால் பெருக்குங்கள். 13,000 ரூபாய் என்றால் எட்டு வருஷத்துக்கு 60,000! நாம் எழுதிக் கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டு 30 நாளுக்குள் தருவது முதலாளியின் பொறுப்பு. தாமதித்தால் வட்டியும் உண்டு.

நாமும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நிற்க வேண்டும், சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

திங்கட்கிழமை அக்காவோடு பன்னேர்கட்டா ரோட்டிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போகிறேன். இதே பிரச்சினை இருப்பவர்கள் கூட வாங்க.