ஒரு வாத்தியாரைத் தேடி மாயவரம் வரை

பாபநாசத்தில் இறங்கியதுமே ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். உத்தமதானபுரம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். போக, காத்திருக்க, திரும்பி வர என்று கணக்குச் சொன்னார், பேரம் பேசினேன், அசையவே இல்லை. வெயில் வேறு. சரி என்று ஏறிவிட்டேன், ஆனால் அந்தப் பணம் அநியாயம் என்று இப்போதும் சொல்வேன்.

ஓலைச்சுவடிகளில் கிடந்த பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சிட்ட உ.வே.சா.வின் (உ.வே. சாமிநாதையர்) வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் நான் கிளம்பியது உ.வே.சா.வுக்காக மட்டும் இல்லை, அவருடைய ஆசிரியர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்காக. பதினொன்றாம் வகுப்பில் எங்கள் தமிழ் ஐயா பாடத்தை நிறுத்திவிட்டு இந்த இருவரின் கதையைச் சொன்னார். மதிப்பெண் குறைந்து பள்ளியை விட்டுவிடலாம் என்றிருந்த எனக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று அவருக்கே தெரியாது.

1871-இல், 17-ஆம் வயதில், அப்பாவோடு மாயூரம் (மாயவரம்தான், இன்றைய மயிலாடுதுறை) வந்து பிள்ளை முன் நிற்கிறார் பையன் உ.வே.சா. பெயர் வேங்கடராமன். வேறு பெயர் உண்டா என்று பிள்ளை கேட்கிறார், வீட்டில் சாமிநாதன் என்பதைச் சுருக்கி சாமா என்று கூப்பிடுவார்கள் என்று தெரிந்ததும் சாமிநாதன் என்றே அழைக்கிறேன் என்கிறார். இன்று நாம் சொல்லும் பெயர் அந்த ஆசிரியர் வாயிலிருந்து நிலைத்தது!

எனக்கு ரொம்பப் பிடித்தது தளிர் விஷயம். பிள்ளைக்குத் தோட்டத்துச் செடிகளில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் பார்ப்பதில் அவ்வளவு ஆசை. இதைக் கவனித்த சாமிநாதன் முன்னதாகவே எழுந்து போய் எங்கெங்கே துளிர்த்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஐயா வந்ததும் காட்டுவாராம். அப்படித்தான் நெருக்கம் வந்தது, அப்புறம் பாடமும் ஐயாவிடமே நேராகக் கேட்க முடிந்தது. எவ்வளவு பெரிய புலவர், ஒரு பையன் காட்டும் இலைக்கு முகம் மலர்ந்து நிற்கிறார்.

மாயவரத்தில் மாயூரநாதர் கோயிலைச் சுற்றி பிள்ளை வாழ்ந்த வீடு எது என்று ஆறேழு பேரிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் பெயரைக் கேட்டதும் கைகூப்பினார். கோயில் பக்கத்து மெஸ்ஸில் 90 ரூபாய்க்குச் சாப்பாடு, வத்தக்குழம்பு இரண்டு முறை வாங்கினேன், மோர் கேட்காமலே ஊற்றினார்கள். இந்தப் பயணத்தில் மனம் நிறைந்து கொடுத்த காசு அதுதான்.

திரும்பும் வழியில் திருவாவடுதுறை. பேருந்தில் படிக்கட்டு வரை கூட்டம், ஒற்றைக் காலில் நின்றேன், அதுவும் பிரேக் போடும்போதெல்லாம் யாரோ ஒருவர் பை என் முதுகில் இடித்தது. ஊருக்குள் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டது. இங்குள்ள ஆதீனம் என்ற சைவ மடத்தின் வித்துவானாகப் பிள்ளை இருந்த ஊர் இது. அவர் பாட்டைச் சொல்லச் சொல்ல சாமிநாதன் ஏட்டில் எழுதுவார். சவேரிநாதப் பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவரும் கூடவே படித்தார். 1876 பிப்ரவரி 1-இல் ஐயாவின் உயிர் பிரியும்போது சவேரிநாதர் அவரைத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதன் திருவாசகத்தில் அடைக்கலப் பத்து படித்தார். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து அந்தப் பதிகத்தை நானும் ஒருமுறை மெதுவாகப் படித்தேன். தொண்டை அடைத்தது.

ஏறக்குறைய 5 ஆண்டுதான் பாடம். பிறகு 1880-இல் பிள்ளையின் இன்னொரு மாணவர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியில் தான் பார்த்த வேலையை சாமிநாதனுக்கு வாங்கித் தந்தார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று அவர் பதிப்பித்த நூல்கள் அச்சில் வந்தன. எழுபது வயது கடந்தும் உ.வே.சா. தன் ஆசிரியரின் வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி வெளியிட்டார். இப்படி ஒரு மாணவன் கிடைக்க, முதலில் அப்படி ஒரு ஆசிரியர் இருந்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு: ஆட்டோ 400, பேருந்துகள் 110, சாப்பாடு 90, கும்பகோணத்தில் இரண்டு டிகிரி காபி 50, மொத்தம் 650 ரூபாய். இருவராகப் போனால் ஆட்டோ பாதியாகும். ஊருக்கு வந்ததும் எங்கள் தமிழ் ஐயாவுக்குப் போன் போட்டேன். அடுத்த முறை அவரையும் கூட்டிப் போகிறேன்.