டாமி ஜான்: அறுவைக்கு முன் 124 வெற்றிகள், பின் 164

பேஸ்பால் செய்திகளை வாசிப்பவர்களுக்கு டாமி ஜான் என்றதும் நினைவுக்கு வருவது ஓர் அறுவைச் சிகிச்சைதான். பந்து எறிபவரான ஒரு பிட்சருக்கு 'டாமி ஜான்' என்று செய்தி வந்தால், ஓராண்டுக்குக் குறையாமல் அவரைக் களத்தில் பார்க்க முடியாது என்று பொருள். அந்தப் பெயருக்கு உரியவர், அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் 26 பருவங்கள் பந்து எறிந்து 288 வெற்றிகளைத் தம் கணக்கில் சேர்த்தவர் என்பதை இளைய ரசிகர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அணிக்கு மட்டுமன்றி, அதற்குப் பொறுப்பான பிட்சரின் பெயரிலும் எழுதப்படும்.)

இண்டியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் நகரில் 1943இல் பிறந்த ஜான், இடக்கை பிட்சர். 1963இல் கிளீவ்லாந்து அணியில் அறிமுகமாகி, பின்னர் சிகாகோ ஒயிட் சாக்ஸில் ஏழு பருவங்களைக் கழித்து, 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு வந்தார். வேகம் அவருடைய பலம் அன்று. பேட்டரை நெருங்கும்போது கீழே இறங்கும் சிங்கர் என்ற பந்தை எறிந்து, அதைத் தரையோடு தரையாக அடிக்க வைத்து, மற்றதைத் தம் தடுப்பாட்டக்காரர்களிடம் விட்டுவிடுவார். பேட்டரை அசர வைக்காமல் ஏமாற்றுகிற இந்தக் கலைக்குப் பொறுமை வேண்டும். தொலைக்காட்சியில் அது பெரிதாகத் தெரியாது.

1974ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, 13 வெற்றி 3 தோல்வி என்று அதுவரையிலான தம் சிறந்த பருவத்தில் இருந்தபோது, மாண்ட்ரியல் அணிக்கு எதிராக எறிந்த ஒரு பந்தில் அவருடைய இடது முழங்கையின் உட்புறத்தில், மேற்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைக்கும் நார் அறுந்தது. கிரிக்கெட் பந்துவீச்சாளர் முழங்கையை மடக்கி நீட்டி எறிய விதி இடம் தருவதில்லை. பேஸ்பால் பிட்சருக்கோ மடங்கிய கை சாட்டையாகச் சுழன்று விரிவதுதான் தொழில், அந்தச் சுழற்சியின் இழுவையை முதலில் தாங்குவது இந்தச் சிறிய நார்தான். அது போனால் தொழிலே போயிற்று என்பதுதான் அன்றைய நிலை. அதே டாட்ஜர்ஸின் மாபெரும் இடக்கை பிட்சரான சாண்டி கோஃபாக்ஸ், 1966இல் 27 ஆட்டங்களை வென்ற கையோடு, முழங்கை மூட்டு தேய்ந்து வலி தாங்காமல், 30 வயதில் ஓய்வு பெற்றிருந்தார்.

அணியின் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், செப்டம்பர் 25 அன்று, ஜானின் வலது மணிக்கட்டிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டு, அவற்றின் வழியே கோத்துக் கட்டினார். அந்தத் தசைநாண் இல்லாவிட்டாலும் கைக்குப் பெரிய குறை வராது. சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை. மீண்டும் ஆடுவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று ஜோப் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சில மாதங்களில் நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் மடங்கிப்போக, இரண்டாவது அறுவையும் தேவைப்பட்டது. 1975 முழுவதும் ஆட்டமில்லை.

1976இல் திரும்பியவர் 10 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தார். எண்ணாகப் பார்த்தால் சுமார்தான். ஆனால் அந்தப் பருவத்தில் 200 இன்னிங்ஸுக்கு மேல் அந்தக் கை தாங்கியது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடுத்த ஆண்டு 20 வெற்றிகள். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறிய பின் 1979இல் 21, 1980இல் 22. பருவத்துக்கு இருபது என்ற எல்லையை அவர் தொட்ட மூன்று முறையும் அறுவைக்குப் பிந்தியவையே. 46 வயதில், 1989இல்தான் ஆட்டத்தை விட்டார். அவர் அறிமுகமான மாதத்தில் பிறந்தேயிராத பேட்டர் மார்க் மக்வயருக்குக்கூடப் பிற்காலத்தில் பந்து எறிந்திருக்கிறார். பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் மட்டும் கைகூடவில்லை. 1977லும் 1978லும் டாட்ஜர்ஸில் இருந்து யாங்கீஸிடம் தோற்றார்; 1981இல் யாங்கீஸில் இருந்து டாட்ஜர்ஸிடம் தோற்றார்.

இந்தச் சிகிச்சையை இரண்டாவதாகச் செய்துகொண்ட பிரெண்ட் ஸ்ட்ராம் மேஜர் லீகுக்குத் திரும்பவே இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மருத்துவரின் கைத்திறன் பாதி என்றால், மறுபாதி ஜானின் விடாப்பிடியான பயிற்சியும், வேகத்தை நம்பாத அவருடைய எறிமுறையும்தான் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று மேஜர் லீக் பிட்சர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த அறுவை நடந்திருக்கிறது. ஒவ்வொரு பந்தையும் உச்ச வேகத்தில் எறிய வேண்டும் என்ற நெருக்கடியே இதற்கு முக்கியக் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். மிதமாக எறிந்து நெடுங்காலம் நிலைத்த ஒருவரின் பெயர் அந்த வேகத்தின் விளைவுக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்குச் சற்று உறுத்துகிறது.

சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும், கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் ஜானுக்கு இன்னும் இடமில்லை. பத்திரிகையாளர்களின் வாக்குச்சீட்டில் 15 ஆண்டுகள் அவர் பெயர் இருந்தது. தேவை 75 விழுக்காடு, அவர் எட்டிய உச்சம் 31.7. அவருடைய 288 வெற்றிகள், உச்ச ஆட்டத்தைவிட நீண்ட ஆட்ட ஆயுளால் சேர்ந்த எண்ணிக்கை என்பார்கள். அறுந்த முழங்கையோடு யாருமே மீளாத காலத்தில் சேர்த்த 164 வெற்றிகளை வெறும் ஆயுள் என்று தள்ளிவிட முடியுமா? எனக்கு வாக்கு இருந்தால் தயங்காமல் போட்டிருப்பேன். 2024 டிசம்பரில் பழைய தலைமுறை ஆட்டக்காரர்களுக்கான 16 பேர் குழு கூடியபோது அவருக்கு ஏழு வாக்குகளே கிடைத்தன, 12 வேண்டும். அன்று தேர்வான இருவரில் ஒருவர் டிக் ஆலன், 1971 டிசம்பரில் டாட்ஜர்ஸ் ஜானைப் பெறுவதற்காகச் சிகாகோவுக்குக் கொடுத்த ஆட்டக்காரர்.